மூன்று வண்டியில் வந்த கல்யாணச் சாமான்

என் கல்யாணச் சாமான் சிட்டையை ஏழு துண்டாக வெட்டிப் போட்டவள் நானேதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கத்தரிக்கோல் என்னுடையது, கை என்னுடையது, சட்டமும் நான் போட்டது. தெரியாமல்தான் வெட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிப் பார்க்கிறேன். "தெரியாம வெட்டும்போதே எவ்வளவு நேரா வெட்டிருக்கா பாரு" என்று வீட்டில் பதில் வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.யூ.சி. தேறி, டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்து, தூத்துக்குடியில் ஒரு மொத்தச் சரக்குக் கடையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அப்பாவுக்குச் சொந்த ஊர்க்காரர். அந்த ஒரு காரணத்தால்தான், ஆண்கள் மட்டுமே நடமாடும் அந்தக் கடைக்கு என்னை அனுப்ப அப்பா ஒத்துக்கொண்டார். அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. அதிர்ந்து பேசமாட்டார். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குள் வந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் இருப்பார்.

எங்கள் கடையிலிருந்து காயல்பட்டினம், கயத்தாறு பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு மளிகை போகும். கொழும்புக்குப் பாய் விரித்துப் போகிற தோணிகளுக்கும், துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கும் வழிச்சாப்பாட்டுச் சாமான் போகும். அரிசி முதல் தடியங்காய் வரை எல்லாம் உண்டு. (தடியங்காய் என்றால் வெண்பூசணி. இந்தக் கதையில் அதற்கு ஒரு பெரிய வேடம் இருக்கிறது, பொறுங்கள்.)

சிட்டை என்பது வேண்டிய சாமான்களை எழுதிக் கொடுக்கும் தாள். அது வந்ததும் ஓர் ஆள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறுபடை வீடு கும்பிடப் போகிறவர் மாதிரிக் கிளம்புவார். முதலில் மசாலா அறை. அங்கே மஞ்சள், மிளகாய் வத்தல், மல்லி. பிறகு பருப்பு அறை. பிறகு அரிசி குடோன், எண்ணெய், காய்கறிக் கொட்டகை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, நிறுக்கக் காத்திருந்து, ஊர்க்கதை பேசி, நடுவில் ஒரு டீயும் குடித்து, சிட்டையில் உள்ளதெல்லாம் சேர்ந்த பிறகு வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு சிட்டைக்கு அரை நாள் ஓடிவிடும். அதை யாரும் தாமதம் என்றே நினைக்கவில்லை. நான்தான் நினைத்தேன். அப்போது தபால் வழியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் நேரச் சிக்கனம் என்று ஒரு பாடம் வந்திருந்தது. (அரைகுறையாகப் படித்தவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள் என்று அந்தப் பாடத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.)

ஒரு நாள் பெரியதாழைக்காரர் ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது தலைவர். காற்று வாகாக வந்ததும் பாய் விரித்துவிட்டார். அரிசி ஏறியிருந்தது. வத்தலும் புளியும் எங்கள் குடோனை விட்டே கிளம்பவில்லை.

"மாதாவுக்கு முன்னால நின்னு சொல்லுதேன் அண்ணாச்சி, போக வர வெறும் உப்புக் கஞ்சி. ஒங்க வத்தலு கெளம்புததுக்குள்ள நான் கொழும்பப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். ஒங்க ஆளு டீ குடிச்சு முடிக்கட்டும்னு காத்து நிக்குமா? இனி நான் வேற கடை பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரு தண்டல் போனால் அவர் பின்னாலேயே மற்ற தண்டல்களும் போய்விடுவார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து, "அண்ணாச்சி, எனக்கு ஒரு மாசம் குடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை எதுவும் இல்லை. வேறு வழியும் இல்லை. கொடுத்தார்.

சிட்டை ஏன் அறை அறையாக நடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. வந்த உடனே அதைக் குறுக்காக வெட்டினால் போயிற்று. மசாலாத் துண்டு மசாலா அறைக்கு, பருப்புத் துண்டு பருப்பு அறைக்கு. எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். துண்டுகள் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரே நம்பரைப் போடுவேன். பெயரும் விலாசமும் முன்மேஜை ஆறுமுகம் அண்ணன் வைத்திருக்கும் பதிவேட்டில் மட்டும். என் கைக்கு நம்பர் மட்டும் வந்தால் போதும், பெயர் வாசிக்கிற நேரமும் மிச்சம். எந்த அறையில் சாமான் தயாராகிறதோ அது அப்போதே வண்டியேறும், மற்றதுக்காகக் காத்திருக்காது. அண்ணாச்சி மேஜையில் எந்தச் சிட்டையும் கால் மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, ஆறுமுகம் அண்ணன் எடுத்துவந்து என் தட்டில் போட்டுவிட வேண்டும். கொண்டுபோன சரக்கை எந்தக் காரணம் சொன்னாலும் வண்டிக்காரர் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, கையெழுத்து வாங்கி இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். கடைசிச் சட்டத்தை ஒரு அட்டையில் எழுதி வண்டிக் கொட்டகையில் ஆணியடித்து மாட்டினேன். அதன் அடியில் என் கையெழுத்து வேறு. அப்போது எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் வேலை நடந்தது! அரை நாள் பிடித்த சிட்டை இரண்டு மணி நேரத்தில் கிளம்பிற்று. பெரியதாழைத் தண்டல் திரும்பி வந்து, "ஏ யப்பா, நான் வீட்டுல சொல்லிட்டு வாரதுக்குள்ள சாமான் தோணியில ஏறிக் கெடக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி பூரித்துப்போய், தையல்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கத்தரிக்கோல் ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தார். அதை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடையை வளைய வந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிட்டைகளின் தலைப்பை நான் படிப்பதில்லை. ஒன்றில் பிள்ளையார் சுழி இருக்கும், ஒன்றில் சிலுவை, ஒன்றில் 786. அதற்குக் கீழே நலம், நலமறிய அவா. வேகத்துக்கு இதெல்லாம் எதற்கு? தலைப்பையும் முதல் சாமானையும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டிவிடுவேன். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு எழுதும் எந்தச் சிட்டையும் மஞ்சளில்தான் தொடங்கும். ஆகவே தலைப்பு மசாலா அறைக்குப் போகும். அடியில் வெற்றிடம் இருந்தால் அதைத் தனியே நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

அண்ணாச்சி கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணச் சிட்டை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். மூலையில் மஞ்சளைப் பார்த்தால், சாமானை எடுத்து ஒதுக்கிவைக்க வேண்டும், அந்த வீட்டிலிருந்து தாக்கல், அதாவது தகவல், வந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். கல்யாணப் பேச்சு கடைசி நிமிடத்தில்கூட முறிந்துபோகுமல்லவா? அதற்காகத்தான். முன்பு சிட்டையை முழுதாக எடுத்துக்கொண்டு அலைந்த ஆள் மூலையைப் பார்த்ததும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். வெட்டுகிற வேகத்தில் மூலைகளை நான் கவனிப்பதே இல்லை. என் முறையில் மேல் மூலை இரண்டும் மசாலா அறைக்கும், கீழ் மூலை இரண்டும் குப்பைக்கும் போயின. மசாலா அறையில் இருந்த சுடலைமுத்து அண்ணன் பகல் முழுக்க மஞ்சள் அள்ளுகிறவர். அவர் கைபட்ட தாள் எல்லாமே மஞ்சள். அங்கே போய் மஞ்சள் மூலையை யார் கண்டுபிடிப்பது?

இந்தச் சமயத்தில்தான் கயத்தாறில் இருக்கும் என் தாய்மாமா மூலம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மணியாச்சி ஜங்ஷனில் பார்சல் கிளார்க். ஜாதகம் பொருந்திவிட்டது. அம்மா அன்றைக்கே புடவைகளை எடுத்து வெயிலில் காயப் போட்டாள். நான் அப்பாவிடம் போய் நின்றேன்.

"அப்பா, எனக்குப் பாத்துப் பிடிக்கணும். நான் சரின்னு சொல்லாம நீங்க யாருக்கும் வாக்குக் குடுக்கக் கூடாது."

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லாம ஒண்ணும் நடக்காதும்மா" என்றார். அவ்வளவுதான். அப்பா ஒரு வாக்கியம் பேசினால் அது பத்து வாக்கியத்துக்குச் சமம். நான் நிம்மதியாக இருந்தேன்.

பெண் பார்க்க அவர்கள் வருவதாகச் சொன்ன நாளன்று எனக்கு மதியத்துக்கு மேல் லீவு. அண்ணாச்சி திருச்செந்தூர் போயிருந்தார். நான் இல்லாத நேரத்தில் வேலை தேங்கக் கூடாதே என்று, தட்டில் இருந்த அத்தனை சிட்டைகளையும் பதினொரு மணிக்குள் வெட்டித் தள்ளினேன். சாதனை வேகம். ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே?" என்றேன். "ஒண்ணுமில்ல தாயி, நல்லா இரு" என்றார். கடைவாசலில் வண்டிக்கார மாடசாமி அண்ணனும், "நீ போ தங்கச்சி, எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பெண் பார்க்க வருகிற விஷயம் தெரிந்து வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையும் அவரைப் பெற்றவர்களும் வந்தார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் அடுக்களையில் காப்பித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா தங்கள் குலதெய்வம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது தெருவில் சக்கரச் சத்தம் கேட்டது.

"நம்பர் பதினேழு!" என்று மாடசாமி அண்ணன் கூவினார்.

எனக்கு அந்த நம்பர் தெரியும். காலையில் நான் எழுதிய நம்பர். ஆனால் அது ஏன் எங்கள் தெருவில் கேட்கிறது என்று மட்டும் விளங்கவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். மாடசாமி அண்ணன் தோளில் ஓர் அரிசி மூட்டையோடு உள்ளே வந்து, மாப்பிள்ளையின் காலருகே தொப்பென்று போட்டார். பின்னாலேயே இன்னொரு ஆள் இன்னொரு மூட்டை. அப்புறம் துவரம் பருப்பு.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "மாடசாமி, இப்ப இல்லப்பா. திருப்பிக் கொண்டு போயிரு" என்றார்.

"அது முடியாதே மொதலாளி! கொண்டுவந்த சரக்க என்ன ஆனாலும் திருப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா. யாரு போட்டது? நம்ம கனி தங்கச்சி போட்டது. ஏ தங்கச்சி, வந்து ஒரு கையெழுத்துப் போடு."

கனி என்பது நான்தான். ராஜகனி. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து, மெல்ல நடந்து, காப்பித் தட்டோடு வர வேண்டிய நான், விறுவிறுவென்று வந்து, தட்டை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, மாடசாமி அண்ணன் காதிலிருந்து பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். போட்டால் அவர் போய்விடுவார் என்ற நினைப்புதான். அவர் போகும்போது, "அடுத்த வண்டி பின்னாலயே வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அப்பா மூட்டைகளைப் பார்த்தார். "என்ன இது, எதும் விசேஷமா?" என்றார்.

அம்மா முந்திக்கொண்டு, "மாசச் சாமான்" என்றாள். வீட்டில் இருப்பது மூன்று பேர். வந்திருப்பது இரண்டு மூட்டை அரிசி. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். எங்களுக்கு என்ன வியாதியோ என்று நினைத்திருப்பார்.

காப்பியை வாயில் வைக்கும்போது இரண்டாவது வண்டி வந்தது. வெல்லம், தேங்காய், நல்லெண்ணெய் டின், அப்பளக் கட்டு. இதை மாசச் சாமான் என்று சொல்ல அம்மாவுக்கும் துணிவு வரவில்லை. நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் மாப்பிள்ளை முதல் முறையாக வாய் திறந்தார். (பெயர் எழுதமாட்டேன். எங்கள் காலத்து வழக்கம். அதோடு, எழுதினால் "என் பேரையும் துண்டு போட்டாச்சா" என்பார்.)

"ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு வண்டி?" என்று அரிசி மூட்டையைப் பார்த்துக் கேட்டார்.

என் முறையைக் குறை சொன்னால் நான் சும்மா இருப்பேனா? "ஒவ்வொரு அறையிலயும் சாமான் தனித்தனியா ரெடியாவுது. ரெடியானது எதுக்குக் காத்துக் கெடக்கணும்?" என்றேன்.

"எல்லாம் சேந்த பெறவு அனுப்புனா ஒரு வண்டியோட போச்சு. வாங்குதவங்க ரெண்டு தடவ கதவத் தொறக்க வேண்டாம்லா."

"கப்பல் காத்துக் கெடக்காதுங்க!"

"இது கப்பல் இல்லியே. வீடுல்லா" என்றார். கோபமில்லாமல், சிரிக்காமல், சும்மா சொன்னார்.

பெண் பார்க்கும் இடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சரக்குப் போக்குவரத்து பற்றிச் சண்டை போட்டது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் அம்மா, "ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்றார்.

முடியவில்லை. மூன்றாவது வண்டி வந்தது. அதில் தடியங்காய்கள், எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கும் அளவுக்கு. அவற்றின் மேல் காலை விரித்து உட்கார்ந்துகொண்டு சுடலைமுத்து அண்ணனே வந்திருந்தார். சிட்டையில் முதலில் எழுதிய மஞ்சளைக் கடைசியாக மடியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். குளித்துத் தலை சீவி, கை மட்டும் மஞ்சளாக, வாயெல்லாம் சிரிப்பாக உள்ளே நுழைந்தார்.

"மஞ்சள நானே கையில குடுக்கணும்னு வந்தேன். நம்ம பிள்ளை கல்யாணம்லா! எல்லா வேலையையும் ஒதுக்கி வச்சிட்டு மொதல்ல இதத்தான் நிறுத்தோம். மாப்பிள்ளை இவுகதானா? முகூர்த்தம் என்னைக்கி?"

அடப் பாவி மனுஷா! கடையிலுள்ள ஒவ்வொருவரும் என்மேல் இருந்த பாசத்தில் பதினேழாம் நம்பரை முதலில் அனுப்பியிருக்கிறார்கள். வெட்டியவள் நானே என்பதால் எனக்குத் தெரியாமலா, என் சம்மதம் இல்லாமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆறுமுகம் அண்ணனின் சிரிப்புக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நாங்க இன்னும் பிள்ளைய நிமிந்து பாக்கல. அதுக்குள்ள அரிசி, பருப்பு, மஞ்சள் எல்லாம் வந்துட்டு. எங்க வாய்ச்சொல்லுக்கு இங்கன ஒரு வேலையும் இல்ல போலிருக்கு. சரி, போய்த் தாக்கல் சொல்லுதோம்."

போய்த் தாக்கல் சொல்கிறோம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். தாக்கல் வராது. மாப்பிள்ளை வாசல் வரை போய், தடியங்காயில் கால் இடறி, விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை சாமான் தானாக வராது, யாரோ சிட்டை கொடுத்திருக்க வேண்டும்.

"அப்பா, நீங்க எழுதிக் குடுத்ததா?"

"கயத்தாறு மாமாதான் எழுதுனாக. நான் கொண்டுபோய்க் குடுத்தேன். அண்ணாச்சிட்ட சொல்லித்தான்..."

"நான் சரின்னு சொன்ன பெறவுன்னு சொன்னீயளே! அரிசிய வாங்கிப் போட்டுட்டு என்னத்துக்கு என்கிட்டப் பேருக்குக் கேக்கணும்? என் சம்மதம் ஒங்களுக்கு அவ்வளவுதானா?"

அப்பா ஏதோ சொல்ல வாய் திறந்தார். "அதுல எழுதி..." என்று தொடங்கினார். நான் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சற்று நேரம் கழித்துக் கதவிடுக்கில் பார்த்தபோது அப்பா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கட்டிய சலவை வேட்டியில் அப்படியே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் திருப்பி எடுத்துக்கொள்ள நினைக்கிற ஒரு சாயங்காலம் உண்டென்றால் அது அதுதான்.

மறுநாள் கடைக்குப் போனதும் நேரே மசாலா அறைக்குப் போனேன். வேலை முடிந்த துண்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றாக உருவிப் பதினேழைக் கண்டுபிடித்தேன். மேல் மூலை இரண்டிலும் விரலால் தடவிய மஞ்சள். கீழே மாமாவின் கையெழுத்தில் மஞ்சள், எடை. அதற்கு மேலே, பிள்ளையார் சுழிக்கு அடியில், உப்பளப் பதிவேட்டில் எழுதி எழுதி உருண்டையாகிப்போன அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரி.

"என் மகள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அனுப்பவும். சொல்லாவிட்டால் இந்தச் சிட்டையைக் கிழித்துவிடவும்."

மாப்பிள்ளை வீட்டார் சரி சொன்ன பிறகு என்று இல்லை. என் மகள் சொன்ன பிறகு என்று. வேண்டாத தலைப்பு என்று நான் வெட்டி அனுப்பியது என் சொந்தச் சம்மதத்தை. அங்கேயே வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சுடலைமுத்து அண்ணன் பதறிப்போய், "ஏன் தாயி, வத்தல் நெடியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அண்ணாச்சி திருச்செந்தூரிலிருந்து திரும்பி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏளா கோட்டிக்காரி, ஒங்கப்பா தந்தத மேஜையில பத்திரமா வச்சிட்டுத்தான போனேன்!" என்றார். மேஜையில் எந்தச் சிட்டையும் கால் மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் நினைவூட்டவில்லை. அவருக்கே நினைவு வந்துவிட்டது. என்னைத் திட்ட வாய் எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, மொதல்ல ஒங்கப்பாவப் போய்ப் பாரு" என்றார்.

உப்பளத்துக்கு நடந்தேன். வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள், கண் கூசிற்று. அப்பா ஒரு குவியலின் நிழலில் பதிவேட்டோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று வேகமாக வந்தார். நான் அந்தச் சிட்டைத் துண்டை நீட்டினேன். மன்னிப்புக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

"தலைப்ப நான் படிக்கலப்பா" என்றேன்.

அப்பா துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒனக்கு வேலை அதிகம்லாம்மா" என்றார்.

அதற்கு மேல் தாங்குமா? அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். சட்டையெல்லாம் உப்பு வாசனை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பையன் எப்படி? ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"அவுகதான் தாக்கல் சொல்லுதோம்னு போயிட்டாகளே."

"அவுக சொல்லுதது கெடக்கட்டும். சிட்டையில யாரு சொல்லணும்னு எழுதிருக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே, யாரும் எதிர்பார்க்காமல், மணியாச்சியிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரர் கோபமாக இருந்ததாகவும், மகன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததாகவும், அவன் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டதாகவும் எழுதியிருந்தது. கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம். "அத்தனை தடியங்காயும் அழுகிப் போகும் முன்பே நல்ல முடிவாகச் சொல்லவும்."

அம்மா அந்த நிமிடமே சரி என்று எழுதிப்போடச் சொன்னாள். அப்பா கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அவ சொல்லட்டும்" என்றார். தூத்துக்குடியிலேயே வேகமாக ஆர்டர் அனுப்புகிறவள் என்று பெயர் வாங்கிய நான், அந்த ஒரு சரியைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. தினமும் காலையில் தடியங்காய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குப் போனார்.

யோசித்ததெல்லாம் ஒரே விஷயம்தான். இது கப்பல் இல்லையே, வீடல்லவா என்று அவர் சொன்னது. சரியாகத்தானே சொன்னார்! மூன்றாம் நாள் காலையில் அப்பா தடியங்காயைத் தட்டக் குனிந்தபோது, "சரி, அனுப்பச் சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா நிமிரவே இல்லை. அந்தத் தடியங்காயை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

கடையில் வெட்டுகிற முறை தொடர்ந்தது. ஆனால் தலைப்பை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கத்தரி பேசும். தோணிக்கும் கப்பலுக்கும் தயாரானது தயாரானபடி போகும். வீடுகளுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே வண்டி. அந்த யோசனை யாருடையது என்று அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. (கௌரவம்.)

அதற்குப் பிறகு எத்தனை வருஷம்! இன்றைக்கும் இவரிடம் காப்பி கொண்டுவருகிறேன் என்றால், "ஒரே வண்டியா, மூணு வண்டியா?" என்கிறார். டம்ளர் முதலில், அதை வைக்கும் வட்டா அப்புறம், சர்க்கரை கடைசியில் என்று கொண்டுபோவது என் பழக்கம். பிள்ளைகளும் கற்றுக்கொண்டு, யார் எதை மறந்தாலும் "நம்பர் பதினேழு!" என்று தெருவுக்குக் கேட்கக் கூவுவார்கள்.

எங்கள் மகளுக்கு வரன் வந்தபோது சிட்டையை நான்தான் எழுதினேன். பிள்ளையார் சுழி போட்டேன். மஞ்சள் என்று எழுதப்போன கை நின்றது. அப்பா அப்போது இல்லை. அவருடைய அந்த இரண்டு வரியையும் ஓர் எழுத்து மாறாமல் முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே மஞ்சள் எழுதினேன். நாலு மூலையிலும் விரலால் தடவினேன். பிறகு, தாளின் ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே, நறுக்கிவிடலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினேன். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இவர் எடுத்து ஒளித்துவைத்திருந்தார்.